கார்ட்லெஸ் மைக்கும் கல்யாண மண்டபத்துக் கைப்பேசிகளும்

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றில், கோலாலம்பூரின் செந்தூல் பக்கம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் மண்டபத்தில், தாலி கட்டுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, குருக்களின் மைக்கிலிருந்து மந்திரம் நின்று இரைச்சல் வரத் தொடங்கியது. அவருடைய மேல்துண்டின் ஓரத்தில் நான் குத்திவிட்டிருந்த சின்ன மைக் அது. இடுப்பில் செருகிய பெட்டியின் பச்சை விளக்கு ஒழுங்காகவே எரிந்தது. ரிசீவரிலும் அலையின் வலிமையைக் காட்டும் கோடுகள் நிறைந்துதான் நின்றன. ஒலி மட்டும் அறுந்து அறுந்து வந்தது. பேட்டரியாக இருக்கும் என்று இரண்டையும் மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. பெண்ணின் தாய்மாமா மணவறை ஓரத்திலிருந்து, "தம்பி, மைக் செத்துப்போச்சா?" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டார். ஸ்டாண்டோடு வயர் மைக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. கூலியில் 50 மலேசிய வெள்ளியைக் குறைத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

அந்த மைக் செட் அப்பா வாங்கியது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது அவருடைய தொழில். எனக்கு அது சனி ஞாயிறு வேலை. மற்ற நாட்களில் அலுவலகங்களுக்கு வைஃபை பொருத்திக் கொடுக்கிறேன். அலைகளோடு பிழைப்பு நடத்தும் ஒருவனுக்கு அன்று நடந்தது புரியாமல் போனதுதான் எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அதிகாலை 5 மணிக்கு, மண்டபம் காலியாக இருந்தபோது, நானே மேடைக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து சோதித்த மைக் அது. அப்போது ஒரு சின்னக் கரகரப்புகூட இல்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அந்த செட் 720 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி வேலை செய்வது. அப்பா அதை வாங்கிய காலத்தில் அந்தப் பகுதி தொலைக்காட்சிக்கு உரியதாக இருந்தது. ஓர் ஊரில் எல்லா டிவி சேனல்களும் ஓடுவதில்லை என்பதால், ஓடாத சேனலின் இடத்தில் உலகெங்கும் கார்ட்லெஸ் மைக்குகள் ஒண்டிக்கொண்டு பிழைத்தன. நம் நாட்டில் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை 2019ஆம் ஆண்டில் லங்காவியில் தொடங்கிப் படிப்படியாக நிறுத்தி, அக்டோபர் 31ஆம் தேதியோடு முழுவதுமாக மூடினார்கள். டிஜிட்டல் ஒளிபரப்புக்குக் குறைந்த இடமே போதும். மிஞ்சிய 700 மெகாஹெர்ட்ஸ் பகுதி கைப்பேசிச் சேவைக்குப் போனது. ஆசிய பசிபிக் நாடுகள் பலவும் பின்பற்றும் பங்கீட்டின்படி, அதில் 703 முதல் 748 வரை கைப்பேசி பேசும் இடம். 758 முதல் 803 வரை கைப்பேசிக் கோபுரம் பேசும் இடம். ஆக, என் மைக் உட்கார்ந்திருந்தது கைப்பேசிகள் பேசும் இடத்தின் நட்டநடுவில். காலி மண்டபத்தில் கைப்பேசியே இல்லாதபோது அது தெளிவாகக் கேட்டதில் என்ன வியப்பு இருக்கிறது? 400 பேர் வந்து அமர்ந்து, தாலி கட்டும் காட்சியை ஊரிலுள்ள உறவுகளுக்கு நேரலையாக அனுப்ப ஆளுக்கொரு கைப்பேசியை உயர்த்தியபோது கதை மாறிவிட்டது. கீழ்த்தளம் என்பதால் நிலைமை இன்னும் மோசம். குறைந்த அதிர்வெண் அலைகள்தான் சுவர்களை எளிதாகத் தாண்டிச் செல்லும். எனவே அங்கே கைப்பேசிகள் 700 பகுதியைத்தான் தேடிப் பிடிக்கும், கோபுரத்தின் குரல் மங்கலாகக் கேட்பதால் தங்கள் குரலையும் உயர்த்திக்கொள்ளும்.

ரிசீவரில் கோடுகள் நிறைந்து நின்றதன் காரணமும் இதுதான். அது காட்டியது மைக்கின் வலிமையை அல்ல, அந்த இடத்தில் வந்து விழுந்த எல்லாவற்றின் கூட்டு வலிமையை.

இந்த விஷயத்தில் குற்றவாளி கைப்பேசிகள் அல்ல, நான்தான். காலாவதியான இடத்தில் பேசிக்கொண்டிருந்தது என் மைக். அருகிலிருந்த ஏதோ ஒரு கோபுரம், தொலைவிலிருந்து வரும் மெல்லிய கைப்பேசிக் குரல்களைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டிருந்த அதே அதிர்வெண்ணில் நான் குருக்களின் மந்திரத்தை ஒலிபரப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கோபுரம் என்னிடம் வந்து முறையிடவில்லை. அதன் வழியாகப் பேச முடியாமல் போன யாரோ, "லைன் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

அலைக்கற்றைச் சண்டைகளை, அதாவது இந்த அதிர்வெண் இடங்களுக்காக நடக்கும் இழுபறிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இந்த இடத்தில்தான். அலைகள் காற்றில் மோதிக்கொள்வதில்லை. கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் பின்வரிசைப் பேச்சும் ஒன்றையொன்று ஊடுருவிக்கொண்டுதான் போகின்றன. எதுவும் எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. குழப்பம் நேர்வது கேட்பவரின் காதில். வானொலியிலும் அப்படியே: குறுக்கீடு என்பது வாங்கும் கருவிக்குள் நடக்கும் விபத்து. ஆனால் உலகெங்கும் சட்டங்கள் பெரும்பாலும் அனுப்பும் கருவியைப் பற்றியே பேசுகின்றன: யார் பேசலாம், எங்கே பேசலாம், எவ்வளவு சத்தமாகப் பேசலாம். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர் எந்த அலையையும் வெளியிடாததால், அவர் அங்கே இருப்பதே பிறருக்குத் தெரிவதில்லை. அடிபடுவது அவர், அடித்தவருக்கு அது தெரியவே தெரியாது.

நம் நாட்டில் இதை ஆள்வது 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம். நடைமுறைப்படுத்துவது எம்சிஎம்சி என்று நாம் சுருக்கிச் சொல்லும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். அந்தச் சட்டம் அலைக்கற்றையை மூன்று விதமாகக் கொடுக்கிறது. முதலாவது, ஓர் அதிர்வெண் பகுதியையே ஒரு நிறுவனத்துக்கு நீண்ட காலத்துக்கு ஒதுக்குவது. கைப்பேசி நிறுவனங்கள் பெறுவது இது, குத்தகை நிலம் மாதிரி. இரண்டாவது, குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட கருவிக்கு மட்டும் கொடுப்பது. வானொலி நிலையங்களும் கோபுரத்துக்குக் கோபுரம் போகும் இணைப்புகளும் இதில் வரும், பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கடை போட இடம் எழுதிக் கொடுப்பது மாதிரி. மூன்றாவது வகுப்பு ஒதுக்கீடு. இதற்கு விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. சொன்ன ஆற்றலுக்குள், சொன்ன அதிர்வெண்ணில், அங்கீகார முத்திரை பெற்ற கருவியை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். வைஃபை, புளூடூத், கார் சாவி, வாக்கி டாக்கி எல்லாம் இதில்தான். பழைய கடைவீதிகளில் கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடிப் பாதையைப் போன்றது இது. எல்லாரும் நடக்கலாம், யாரும் உரிமை கொண்டாட முடியாது. இடித்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தால், "நீயும் நடக்கத்தானே வந்தாய்" என்பதுதான் பதில். வகுப்பு ஒதுக்கீட்டில் இயங்குபவருக்குக் குறுக்கீட்டிலிருந்து பாதுகாப்பு கிடையாது. அவரால் உரிமம் பெற்றவருக்குத் தொல்லை என்றால் அவர்தான் ஒதுங்க வேண்டும்.

இந்த அஞ்சடிப் பாதைதான் இன்று மிகப் பெரிய நெரிசல். நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், இரவு 9 மணிக்குக் கைப்பேசியில் பார்த்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் (அதாவது 2400 மெகாஹெர்ட்ஸில்) நாற்பதுக்கு மேற்பட்ட வைஃபை பெயர்கள் தெரிகின்றன. அந்தப் பகுதியின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் 13 சேனல்கள் இருப்பதாக ரூட்டர் காட்டும். ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான், ஒவ்வொன்றும் பேசுவதற்கு எடுத்துக்கொள்வதோ 20. எனவே ஒன்றையொன்று தொடாமல் நிற்பவை 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. எங்கள் மாடியில் ஒருவர், 1இலும் 6இலும் கூட்டம் என்று பார்த்து, "யாரும் இல்லாத" 3க்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். கெட்டிக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றது புரிந்துகொண்டு காத்திருக்கும். பாதி மட்டும் மேலே படர்ந்திருக்கும் சேனலில் இருப்பவரின் பேச்சு புரியாது, வெறும் இரைச்சலாகத்தான் விழும். அவர் போன இடத்திலிருந்து 1இல் இருப்பவர்களையும் 6இல் இருப்பவர்களையும் ஒருசேரக் கெடுத்துக்கொண்டு, தானும் கெட்டுக்கொண்டிருக்கிறார். லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் சொல்ல நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

நாற்பது பெயர்கள் இருந்தும் எங்கள் மாடியில் இணையம் ஓடுவதற்குக் காரணம், பேசுவதற்கு முன் கேட்க வேண்டும் என்ற ஒழுக்கம் ஒவ்வொரு சில்லுக்குள்ளும் எழுதப்பட்டிருப்பது. வைஃபை கருவி முதலில் காதுகொடுக்கிறது. அமைதியாக இருந்தால் உடனே பாய்வதில்லை, தனக்குள் ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு அத்தனை துளி நேரம் காத்திருக்கிறது. இன்றைய வைஃபையில் ஒரு துளி என்பது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 9 பங்கு. பேசியதற்குப் பதில் வராவிட்டால், மோதிவிட்டது என்று தானே முடிவுசெய்து, அடுத்த முறை இரு மடங்கு பெரிய வரம்பிலிருந்து எண்ணைக் குலுக்கும். அது 1023 துளிகள் வரை போகும். பந்தியில் இடம் கிடைக்காதவர் ஒவ்வொரு முறையும் இன்னும் சற்று அதிகம் பொறுத்துத் திரும்பி வருவது போல. மேற்பார்வையாளர் யாரும் இல்லை, வரிசையும் இல்லை, ஆனாலும் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்த யோசனையின் வேர் ஹவாயில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர், தீவுகளில் இருந்த முனையங்களை வானொலி மூலம் ஒரு கணினியோடு இணைத்தார்கள். அவர்களுடைய முறையில் முன்கூட்டிக் கேட்பதெல்லாம் கிடையாது: பேசு, பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்து மறுபடி பேசு. அப்படி நடத்தினால் மொத்த நேரத்தில் 18 விழுக்காட்டுக்கு மேல் உருப்படியான பேச்சு நடக்க முடியாது என்பது அவர்களே கணக்கிட்டுக் காட்டியது. பேசுவதற்கு முன் கேட்கும் பழக்கம் அதன்மேல் பின்னர் சேர்க்கப்பட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்கவும் முடிந்தால் மோதலை உடனே கண்டுகொள்ளலாமே என்று கேட்கலாம். கம்பி வழி வலையமைப்பில் அப்படித்தான் செய்தார்கள். காற்றில் முடியாது. வைஃபை கருவி தான் பேசும்போது வெளியிடும் ஆற்றல், அது கேட்க வேண்டிய ஒரு மெல்லிய குரலைவிட 10,000 கோடி மடங்கு பெரியதாக இருக்கலாம். தவில் அடிப்பவரின் காதில் யாரோ நான்கு தெரு தள்ளிக் கிசுகிசுப்பதைக் கேட்கச் சொல்வது போன்றது அது. அதனால்தான் முன்கூட்டிக் கேட்பது அவ்வளவு முக்கியமாகிறது. அதனால்தான் அதன் ஓட்டையும் அவ்வளவு பெரியதாகிறது. வரவேற்பறையில் இருக்கும் ரூட்டருக்கு என் படுக்கையறைக் கைப்பேசியும் கேட்கும், பக்கத்து வீட்டுப் பெட்டியும் கேட்கும். ஆனால் அந்தக் கைப்பேசிக்கும் பக்கத்து வீட்டுப் பெட்டிக்கும் இடையே மூன்று சுவர்கள். இரண்டும் "யாரும் பேசவில்லை" என்று நேர்மையாகவே முடிவுசெய்து ஒரே நேரத்தில் பேசும். அடிபடுவது மறுபடியும் நடுவிலிருந்து கேட்பவர்தான்.

இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி எப்படிப் பொதுப் பாதையானது என்பதற்குள்ளும் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1947இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய அனைத்துலக வானொலி மாநாட்டில், தொழிற்சாலை, மருத்துவக் கருவிகள் வெளியிடும் அலைகளுக்கென்று சில பகுதிகளை ஒதுக்கிவைத்தார்கள். மைக்ரோவேவ் அடுப்பு 2450இல் சோறு சூடாக்குவது அங்கே வந்ததுதான். அப்படிப்பட்ட குப்பைமேட்டில் தகவல் தொடர்புக்கு யாரும் ஆசைப்படமாட்டார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1985இல் அமெரிக்கத் தொடர்பு ஆணையம், உரிமம் இல்லாமல் அங்கே பேசலாம் என்று திறந்துவிட்டது. 1997இல் வைஃபைக்கு அடிப்படையான முதல் தரநிலை வந்தது. காசு கொடுத்து வாங்க ஆளில்லாத இடத்தில்தான் இன்று வீட்டுக்கு வீடு இணையம் ஓடுகிறது. மதியம் எங்கள் வீட்டில் குழம்பைச் சூடாக்கும் இரண்டு நிமிடம் மட்டும் வீடியோ அழைப்பு திக்கும்.

5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் இடம் தாராளம். ஆனால் அங்கே முன்பே குடியிருப்பவர் ரேடார். புயல் மழையைப் பார்க்கும் வானிலை ரேடார்கள் பல நாடுகளில் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்குகின்றன. மழைத்துளியில் பட்டுத் திரும்பும் எதிரொலி மிக மெல்லியது என்பதால், அந்த ரேடாரின் காது மிகவும் கூர்மையானது. 2009இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடாரின் திரையில், நடுவிலிருந்து விளிம்புவரை சூரியக்கதிர் போலக் கோடுகள் விழுந்தன. தேடிப் போய்ப் பார்த்தபோது, கட்டடங்களின் உச்சியிலும் கோபுரங்களிலும் பொருத்தப்பட்ட 5 கிகாஹெர்ட்ஸ் இணைய இணைப்புகள்தான் காரணம் என்று தெரிந்தது. அந்தத் திசையில் உண்மையில் புயல் இருந்தாலும் கோட்டுக்குள் அது மறைந்துவிடும். இத்தனைக்கும் விதி முன்பே இருந்தது: ரேடார் பகுதிச் சேனலைப் பிடிக்குமுன் கருவி 60 விநாடி சும்மா இருந்து கேட்க வேண்டும், ரேடார் துடிப்பு கேட்டால் 10 விநாடிக்குள் சேனலைக் காலிசெய்ய வேண்டும், பிறகு 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக்கூடாது. ஐரோப்பிய விதிகளில் வானிலை ரேடார் பகுதிக்கு மட்டும் அந்த 60 விநாடி 10 நிமிடமாகிறது.

இந்தக் காத்திருப்பு, வேலைக்குப் போகும் இடங்களில் எனக்குத் தலைவலி. "பெட்டியை ஆன் செய்து இவ்வளவு நேரமாகியும் வைஃபை வரவில்லையே" என்பார்கள். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு குறுக்குவழி உண்டு: பெட்டியின் செட்டிங்கில் நாட்டின் பெயரை மாற்றிவைத்தால் கேட்கும் கடமை போய்விடும், சில இடங்களில் ஆற்றலும் கூடிவிடும். பெயர் தேவையில்லாத ஒரு நிறுவனத்தில், எனக்கு முன் வேலைசெய்தவர் பன்னிரண்டு பெட்டிகளையும் அப்படி மாற்றிவைத்திருந்தார். வேகம் பிரமாதம் என்று எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நான் மலேசியா என்று திருப்பி வைத்ததும் வேகம் குறைந்துவிட்டதாக எனக்குத்தான் திட்டு விழுந்தது. ஒரு தெருவே இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று விளக்கிப் பார்த்தேன். ரேடாரைக் கண்ணால் பார்த்திராதவருக்கு அதன் கஷ்டம் எப்படிப் புரியும்?

ரேடாராவது பேசும், கேட்டால் அது இருப்பது தெரியும். வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள் தட்டு வாயே திறக்காது. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் குரல் தரைக்கு வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் ஊர் மழையில் உயர் அதிர்வெண் அலைகள் நனைந்து படுத்துவிடும் என்பதால், நம்பிக்கையான இணைப்பு வேண்டியவர்கள் மழையைத் தாங்கும் 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் பெரிய தட்டுகளை வைத்தார்கள். 5ஜி வந்தபோது அதற்கு மிகப் பொருத்தமாக உலகம் தேர்ந்தெடுத்ததும் அதே பகுதியின் கீழ்ப்பாதி, நாம் 3.5 கிகாஹெர்ட்ஸ் என்று சொல்வது. தெருமுனைக் கோபுரம் தன் இடத்துக்குள்ளேயே பேசினாலும், முழுப் பகுதியையும் கேட்கும்படி கதவு அகலமாகத் திறந்திருக்கும் பழைய தட்டின் காதை அது அடைத்துவிடும். வடிகட்டி பொருத்த வேண்டும், அல்லது தட்டை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். செலவு யாருடையது? பேச வந்தவருடையதா, கதவைத் திறந்து வைத்திருந்தவருடையதா? அலைக்கற்றை விவகாரங்களில் பாதிக்கு மேல் கடைசியில் வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான்.

இரண்டு தைப்பூசங்களுக்கு முன் பத்துமலையில், இதையே கையளவில் பார்த்தேன். எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு நான்கு வாக்கி டாக்கிகள் வாங்கியிருந்தோம். உரிமம் வேண்டாத 477 மெகாஹெர்ட்ஸ் வகை. அதில் சேனல் எண்ணோடு ஒரு "தனியுரிமைக் குறியீடு"ம் வைக்கலாம். 7ஆம் சேனல், குறியீடு 12 என்று வைத்தோம். வேறு யார் பேச்சும் கேட்கவில்லை, இடம் காலி என்றே நம்பினோம். இரவு ஏற ஏற எங்கள் பேச்சு காணாமல் போகத் தொடங்கியது. "பந்தலில் கப் தீர்ந்துவிட்டது" என்று இரண்டு முறை சொன்னது வண்டிப் பக்கம் போய்ச் சேரவேயில்லை. அந்தக் குறியீடு பேச்சை மறைப்பதில்லை. அதே குறியீடு இல்லாத பேச்சு வரும்போது நம் ஒலிபெருக்கியை மூடிவைக்கிறது, அவ்வளவுதான். அதே 7இல், வேறு குறியீட்டோடு, கார் நிறுத்துமிடத்துத் தொண்டர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் இல்லை, எங்களுக்கு அவர்கள் இல்லை. இந்த வகை ஒலிபரப்பில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கலந்து கேட்பதுகூட இல்லை. வலுத்தவர் மட்டும் கேட்பார், மற்றவர் தடமின்றி மறைவார். குறியீட்டை நீக்கியவுடன் மொத்தக் கூச்சலும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுக்க முடிந்தது. விடிவதற்குள் அவர்களில் ஒருவரோடு நல்ல பழக்கமே ஆகிவிட்டது. கப் வண்டிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பெரிய இடத்துப் பங்கீட்டுக்கு வருவோம். அலைக்கற்றையை ஏலம் விட்டு, விலை கொடுப்பவரிடம் விட்டுவிட்டால் நல்ல பயனுக்குப் போய்ச் சேரும் என்று பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1959இல் எழுதியபோது பலர் சிரித்தார்கள். இன்று பெரும்பாலான நாடுகள் ஏலம் விடுகின்றன. ஆனால் ஏலத்தின் விதியைத் தவறாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு 1990இல் நியூசிலாந்து ஒரு பாடம்: வென்றவர் இரண்டாவது உயர்ந்த கேள்வித்தொகையைக் கட்டினால் போதும் என்று வைத்தார்கள், போட்டியாளர்களோ போதுமான அளவு இல்லை. 1,00,000 டாலர் கேட்ட நிறுவனம் 6 டாலர் கட்டியது. 70 லட்சம் கேட்டது 5,000 கட்டியது. நம் நாட்டில் இன்னொரு விதமான பரபரப்பு. 2020இல் 700 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட அலைக்கற்றையைப் போட்டி இல்லாமல் சில நிறுவனங்களுக்கு நேரடியாக ஒதுக்கச் சொன்ன அமைச்சரின் உத்தரவு வெளியே தெரிந்து, ஜூன் தொடக்கத்திலேயே ரத்தானது.

அதன்பின் 2021இல் அரசு எடுத்த முடிவு உலகிலேயே அரிதானது. அலைக்கற்றையைத் துண்டு போட்டுப் போட்டியாளர்களுக்குக் கொடுக்காமல், டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற ஒரே அமைப்பிடம் மொத்தமாகக் கொடுத்து, அது கட்டும் ஒரே 5ஜி வலையமைப்பை எல்லா நிறுவனங்களும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். பொறியியல் கணக்கில் இதற்கு நியாயம் உண்டு: நான்கு பேர் ஆளுக்கு 25 மெகாஹெர்ட்ஸ் வைத்திருந்தால், ஒருவருடைய இடம் காலியாகக் கிடக்கும்போதும் பக்கத்தவர் நெரிசலில் தவிப்பார், 100ஐயும் சேர்த்து ஒரே அகலமான பாதையாக்கினால் யாருக்கு வேண்டுமோ அவர் முழுவதையும் ஒரு கணம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே கடையில்தான் எல்லாரும் அரிசி வாங்க வேண்டும் என்றால் விலையையும் தரத்தையும் அந்தக் கடை தீர்மானிக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. 2023இல் இரண்டாவது வலையமைப்புக்கு அனுமதி என்று அறிவித்தார்கள்; 2024 நவம்பரில் அதைக் கட்ட யூ மொபைல் என்ற கைப்பேசி நிறுவனம் தேர்வானது. என்னைக் கேட்டால், ஒன்றாகவே இருந்திருக்கலாம், விலையைக் கடுமையாகக் கண்காணித்திருந்தால். அந்தக் கண்காணிப்பு நடந்திருக்குமா என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சொந்த நிலமும் இல்லாத, முழுப் பொதுப் பாதையும் இல்லாத இன்னொரு வழியை அமெரிக்காவில் முயன்றிருக்கிறார்கள். 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரை, சிபிஆர்எஸ் என்ற பெயரில். அங்கே முதல் உரிமை கடற்படை ரேடாருக்கு. அடுத்தது ஏலத்தில் வாங்கியவர்களுக்கு. மீதி நேரமும் இடமும் மற்ற எல்லாருக்கும். கப்பல் எங்கே போகிறது என்று கடற்படை சொல்லாது; எனவே கரையோரம் உணரிகளை வைத்து, ரேடார் கேட்டதும் கணினி அமைப்பு அந்தப் பகுதிக் கோபுரங்களை ஒதுங்கச் சொல்கிறது. எனக்கு இதில் பிடித்தது, கேட்பதற்கென்றே தனியாக ஆள் போட்டது. அந்த உணரிகள் சரியாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, அவற்றைச் சுற்றியுள்ள கோபுரங்களும் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று. காதுக்குக் காவல் வைத்தவர்கள், காவலாளியின் காதுக்கும் காவல் வைத்தார்கள்.

நம் ஊரில் அடுத்த சண்டை 6 கிகாஹெர்ட்ஸில். 2022இல் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை வைஃபைக்குத் திறந்தாயிற்று. முன்பே அங்கிருக்கும் கோபுர இணைப்புகளைக் காக்க, கட்டடத்துக்குள் குறைந்த ஆற்றல் என்பது நிபந்தனை. சுவரே வேலி. அதற்கு மேலுள்ள பாதி கைப்பேசிக்கா வைஃபைக்கா என்று 2023இல் துபாயில் கூடிய உலக வானொலி மாநாட்டில் நாடுகள் பிரிந்து நின்று வாதிட்டன. வீட்டுக்குள் நெரிசல் தாங்காத என்னைப் போன்றவர்கள் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் பழைய மைக் செட்டுக்கு ஒருவர் 300 வெள்ளி தருவதாகச் சொன்னார். விற்றால் அதே இரைச்சல் வேறொரு மணவறைக்குப் போகும் என்பதால் கொடுக்கவில்லை. மெத்தை வைத்த பெட்டியோடு ஸ்டோரில் இருக்கிறது. இப்போது வைத்திருப்பது முத்திரை பெற்ற செட், 500 மெகாஹெர்ட்ஸ் பக்கம், டிஜிட்டல் டிவி விட்டுவைத்த இடைவெளியில். சோதிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, ஆட்கள் உட்கார்ந்து, கைப்பேசிகள் உயரத் தொடங்கியதும், எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றும் பேசாதபோது கோடு ஏறினால் அந்த இடம் எனக்கு இல்லை, சேனலை மாற்றுவேன். அந்த ஐந்து நிமிடமும் நான் சும்மா நிற்பதாகவே மண்டபத்தில் எல்லாரும் நினைக்கிறார்கள். வயர் மைக் மணவறைக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில் கேபிளோடு, எப்போதும் இருக்கிறது.